இருட்டில் வளர்த்த காசித்தும்பை

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் எதையும் திறந்து வைக்க மாட்டார். அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். வேறு எதைச் சொன்னாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

மதுரை கே.கே. நகரில் அப்போது பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. எழுபதுகளின் கடைசி. அவருடைய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டு போர்ஷனாக ஆக்கியிருந்தார்கள். முன்பக்கத்தில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். பின்பக்கத்தில் அவரும் அவர் மனைவியும். அவர் ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குடிவந்த அன்று சாமான்களை இறக்கி முடித்து, பால் காய்ச்சி ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. எங்கள் வாசலை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணிப்பானை மூடியாச்சா?"

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பிறகு அந்த 'மூடியாச்சா' ஒரு நாளைக்கு நாலு தடவையாவது என் காதில் விழும். கிணற்றுக்குக் கம்பிவலை போட்டு, அதற்கு ஒரு பூட்டும் போட்டிருந்தார். சைக்கிள் ஓட்டாத நேரமெல்லாம் சாக்குக்குள் இருக்கும். ரேடியோவுக்கு ஒரு சட்டை தைத்து மாட்டியிருந்தார்கள். குடைக்கு ஒரு உறை, அந்த உறைக்கு ஒரு பை. சட்டையின் கழுத்துப் பொத்தானைச் சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். தயிர்க்காரம்மா கூடையைத் திறந்து உழக்கில் ஊற்றி முடிப்பதற்குள் இவர் கை கூடை மூடிக்குப் போய்விடும். "நான் என்னமோ தயிருக்குள்ள தேளை வச்சிருக்க மாதிரில்ல பறக்குறீக" என்று அந்த அம்மா திட்டுவாள். அவர் பதில் சொல்ல மாட்டார். "வாயையும் சேத்துத்தான் மூடி வச்சிருக்காரு" என்பார் என் கணவர்.

சிரிக்கிறோமே தவிர, அந்தக் குணத்தால் எங்களுக்கு நன்மைதான் அதிகம். மழை தூறினால் எங்கள் வடகத்தை அவர்தான் ஓடிவந்து மூடுவார். பரீட்சைத் தாள் கட்டை நான் சும்மா கயிறு போட்டு எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு ஒரு ரெக்ஸின் துணி கொண்டுவந்து சுற்றிக் கொடுத்தார்.

அந்த வருஷங்களில் எனக்கு எதுவும் உறைக்காது. இரண்டு குழந்தைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. இரண்டாவது ஆறாம் மாதத்தில். பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், சோறு வடித்தேன். அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று காத்திருந்தும் பார்த்தேன். சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்து, 'இது போனா என்ன, இன்னொண்ணு பொறக்கும்' என்று ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே காப்பி ஆற்றிக் கொடுத்தேன். இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கையில் ஒரு புது ஈய மூடி. எங்கள் பானைக்குப் பழைய மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அவருக்கு ரொம்ப நாளாகவே குறை. அதை எடுத்துவிட்டு இதை வைத்து, ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களில் அவர் ஒருவர்தான் எனக்குத் தொந்தரவாக இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் பின்போர்ஷனுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. சுவரோரம் கட்டில். எதிர்ச்சுவரில் ஒரு சன்னல். அந்தச் சன்னல் சாத்தியே இருக்கும். சாத்தியிருந்தது என்றால் போதாது. சந்துகளில் பழைய துணியைத் திணித்து, அதன்மேல் பசை தடவிக் காகிதம் ஒட்டியிருந்தார். பகலிலும் உள்ளே போனால் கட்டில் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். நாற்பது வாட் பல்பு ஒன்று உண்டு. வைத்திய எண்ணெய் வாசனை எப்போதும் இருக்கும்.

"வா தாயி. கதவச் சாத்திட்டு உக்காரு. இல்லாட்டி அவுகளுக்குப் பொறுக்காது" என்பார் அந்த அம்மா.

எனக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. யாரும் என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அம்மா உசிலம்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பெண். புஞ்சையில் பருத்தி எடுத்தது, பாம்பு அடித்தது என்று பேசிக்கொண்டே இருப்பார். நான் உம் கொட்டினால் போதும்.

ஒருநாள் கேட்டேன். "ஏங்க்கா, சாருக்கு எதனால இப்படி? சின்ன வயசுல ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

"நீ வேற தாயி. அவுக அப்பாருக்கும் இதே புத்திதான். மாமனாரு செத்த பெறகுதான் அவரு தலமாட்டுப் பெட்டிய எங்களால தொறக்க முடிஞ்சுச்சு. உள்ள என்ன இருந்துச்சுங்கிற? இன்னொரு பெட்டி."

சொல்லிவிட்டு வலது பக்க வாயால் மட்டும் சிரித்தார். பிறகு சன்னல் பக்கம் பார்த்தார்.

"விழுந்த புதுசுல சளி கட்டிக்கிச்சு. டாக்டரு ஒரு வாரம் குளுந்த காத்துப் படக்கூடாதுன்னாரு. ஒரு வாரம்னுதான் சொன்னாரு. ரெண்டு வருசமாச்சு. அந்த ஒரு வாரம் முடிஞ்சுபோச்சுன்னு அவுகளுக்கு யாரு சொல்றது? நான் சொன்னா, 'இன்னுங் கொஞ்ச நாளு போகட்டும்'பாக."

நான் சொல்லியிருக்கலாம். எனக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்ற மரியாதை அவரிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. சன்னல் திறந்தால் இந்த இருட்டு போய்விடும் என்று என் மனதுக்குள் இருந்தது. இதை நான் இத்தனை வருஷம் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

செடி வந்தது ஒரு காலண்டர் படத்தால். வெளிநாட்டு வீடு ஒன்று, உள்ளே சோபா, மேசை, மேசைமேல் தொட்டியில் வர்ண வர்ணமாக இலை வைத்த செடி. எங்கள் வீட்டில் மாட்டியிருந்ததை அந்த அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று கொண்டுபோய்க் காட்டினேன். "வீட்டுக்குள்ளயே செடி வச்சிருக்கானுக பாத்தியா" என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தன் கணவரிடம், "எனக்கும் பச்சையா ஒண்ணு கொண்டாந்து வைங்க, கண்ணு பூத்துப்போச்சு" என்று கேட்டார்.

அவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து மதுரை டவுன்வாசி. வளர்ந்த செடியாக வாங்கினால் கூடவே பூச்சி வரும் என்று பயம். விதை என்றால் பொட்டலத்துக்குள் மூடித்தானே இருக்கிறது. சைக்கிளைச் சாக்கிலிருந்து எடுத்து, தல்லாகுளம் போய், ஒரு விதைக்கடையில் அந்தப் படத்தைக் காட்டி விசாரித்தார். கடைக்காரர் கோலியஸ் என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். விதை தூசி மாதிரி இருந்தது. "வெயில் படக்கூடாது, நெழல்ல வைங்க" என்று சொல்லி அனுப்பினாராம். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எப்படி விதைப்பது என்று அந்த அம்மா கட்டிலிலிருந்தே சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே முறை முளைப்பாரி. அவர் ஊர் மாரியம்மனுக்குப் பதினைந்து வருஷம் பாரி வளர்த்தவர். மண் ஓட்டில் வைக்கோல் பரப்பி, ஆட்டுப்புழுக்கைப் பொடி தூவி, அதன்மேல் நெருக்கமாக விதை போட்டு, மேலே மறுபடி பொடி போட்டு, இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளிக்க மட்டும் திறக்கலாம். வெளி ஆள் கண் படக்கூடாது. வெளிச்சமும் படக்கூடாது. வெளிறி, பொன் நிறத்தில், சாண் உயரம் நின்றால் அதுதான் நல்ல பாரி.

சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. மூடி வைப்பதற்கென்றே ஒரு விவசாயம் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. இரண்டு ஓட்டில் விதைத்து, ஈரச்சாக்கைப் போர்த்தி, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

கோலியஸ் முளைக்கவில்லை. பன்னிரண்டு நாள் ஆகியும் ஓட்டில் அசைவில்லை. கோலியஸ் விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளை வரும், மேலே மண்கூடப் போடக்கூடாது. அப்போது எனக்கு அது நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் ஏதோ தப்பு என்று தெரிந்தது. அந்த வாரம்தான் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்தினேன். கரும்பலகையில் இலை வரைந்து, சூரியன் வரைந்து, நடுவில் அம்புக்குறி போட்டேன். சாயங்காலம் அந்த அறையில் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் மறுபடி கடைக்குப் போய், "கண்ணுக்குத் தெரியிற மாதிரி வெத குடுங்க" என்று கேட்டிருக்கிறார். காசித்தும்பை கிடைத்தது. தொட்டியில் போட்டால் வீட்டுக்குள்ளேயே பூக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதுவும் அதே ஓடு, அதே சாக்கு, அதே கூடை.

ஐந்தாம் நாள் நான் உள்ளே போனபோது அவர் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தண்டு, நுனியில் மஞ்சளாக இரண்டு இலை. நூறு இருக்கும். அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குலவையிட்டார். பாதி நாக்குதான் சுழன்றது. சத்தம் உடைந்து உடைந்து வந்தது. இருந்தாலும் குலவைதான். "ஊருக்குக் கேட்டுறப் போவுது" என்றார் அவர். அந்த ஒரு தடவைதான் அவர் சிரித்து நான் பார்த்தது.

தினமும் அளந்தார். விரல்கடை, இரண்டு விரல்கடை, அரைச் சாண். "இம்புட்டு வேகமா எங்க ஊருலகூட வந்ததில்ல. அவுக கைராசி" என்று அந்த அம்மா வருகிறவர்களிடம் பெருமை பேசினார். வருகிறவர் என்று நானும் வேலைக்காரப் பெண்ணும்தான்.

முளைப்பாரியைப் பத்தாம் நாள் தலையில் தூக்கிப்போய்க் குளத்தில் கரைத்துவிடுவார்கள். பதினோராம் நாள் அது என்ன ஆகும் என்று பார்க்கிற அவசியம் அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. இங்கே கரைக்கக் குளமில்லை, வளர்க்கத்தான் போட்டது. பதினோராம் நாள் காலையில் கூடையைத் தூக்கினால், செடிகள் பாதிக்கு மேல் மண்ணோடு படுத்துக் கிடந்தன. மறுநாள் மிச்சத்திலும் ஏழைத் தவிர எல்லாம் சாய்ந்தன. தண்டு அடியில் நீராக அழுகியிருந்தது.

அவர் தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார், சாக்கை இரட்டையாகப் போட்டார். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை. மறுநாளும் வேண்டாம் என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் போனேன்.

"ஏன்க்கா சாப்புடல?"

"பாரி சாஞ்சுபோச்சுல்ல தாயி."

"அதனால என்ன? இது சும்மா செடிதான."

"எங்க ஊருல சொல்லுவாக. எந்த வீட்டுல பாரி சாயுதோ அந்த வீட்டுக்கு ஆகாது. இந்த வீட்டுல யாரு இருக்கா? அவுக நல்லாத்தான இருக்காக."

சாதாரணமாகத்தான் சொன்னார், அடுத்த பஸ் எனக்குத்தான் என்கிற மாதிரி. எனக்கு எதுவுமே உறைக்காத காலம் என்று சொன்னேனே, அது உறைத்தது. இந்த அம்மா சாகப்போகிறார், அதற்குக் காரணம் வெளிச்சம் இல்லாதது, அந்தப் பாடத்தை நான் மாதச் சம்பளத்துக்கு நடத்துகிறேன்.

வீட்டுக்காரர் அன்று எங்கள் வாசலுக்கு வந்தார். வாசற்படியில் நின்றார்.

"டீச்சரம்மா, நீங்க இதெல்லாம் படிச்சவுக. எதுல தப்பு போச்சு? நான் ஒரு எடத்துலயும் தொறந்து வைக்கலயே."

"அதுதான் சார் தப்பு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முதல் பத்து நாள் விதைக்குள் இருக்கிற சத்தே போதும், அதற்குமேல் வெளிச்சம் இல்லாவிட்டால் செடிக்குச் சாப்பாடு இல்லை, நெழல் என்றால் இருட்டு இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னும் ஏழு செடி நிக்கிது. வெளி முத்தத்துல கொண்டுபோய் வச்சா பொழைக்குமா?"

"பொழைக்கலாம். ஆனா அக்காவால பாக்க முடியாதே. நீங்க தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனைப்பாங்க. சன்னலைத் தொறந்து, அதுக்குக் கீழ வைங்க சார்."

"சன்னலையா?"

"ஆமா சார். டாக்டர் சொன்ன ஒரு வாரம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

அவர் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் பானையை ஒரு தடவை பார்த்தார். போய்விட்டார்.

நாங்கள் மாறுதலாகித் திண்டுக்கல் போன பிறகு, பல வருஷம் கழித்து, இருவரும் ஒரு மாத இடைவெளியில் இறந்துபோன செய்தி ஒரே கடிதத்தில் வந்தது. முதலில் அவர், பிறகு அந்த அம்மா. படித்து மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்த வாரத்தில் அந்த அம்மா சாகவில்லை என்பதற்காகத்தான் இதை இங்கே சொல்கிறேன்.

அவர் வாசலில் வந்து கேட்டதற்கு மறுநாள் சனிக்கிழமை. காலையில் பின்பக்கத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, உளியால் சன்னல் சந்திலிருந்த காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். துணிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டினார். இரண்டு தட்டு விரலில் விழுந்தது. நான் உதவிக்குப் போகவில்லை. அது அவர் வேலை என்று தோன்றியது.

சன்னல் கதவு ஒரேயடியாகத் திறந்து சுவரில் மோதியது. வெளிச்சம் கட்டில் வரைக்கும் வந்தது. வெளியே பிரமாதமாக எதுவும் இல்லை. காலி மனை, சீமைக்கருவேலம், அதில் கட்டியிருந்த ஒரு எருமை. அந்த அம்மா வலது கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். முதல் தடவையாக அவரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். செடிகளின் நிறத்தில்தான் இருந்தார்.

வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கி, ஓட்டைத் தூக்கிச் சன்னல் கட்டையில் வைத்தார். அந்த ஏழில் மூன்றுதான் பிறகு பிழைத்தது. அவர் ஓட்டைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வதை விரல் இடுக்கு வழியாக அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். குரலில் கோபம் இருந்தது. நான் கேட்டிராத கோபம்.

"ரெண்டு வருசமா நான் கெடந்து கேட்டேன். தொறக்கல. ஏழு செடி கேட்டதும் தொறந்துட்டீகளே."

அவர் திரும்பவில்லை. சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"செடி செத்தா மறுபடி வெத போட்டுக்கலாம்னு தொறந்தேன்."

அந்த அம்மா கண்ணிலிருந்து கையை எடுத்தார். எருமை கத்தியது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பஸ் ஏறி வந்து ஆறுதல் சொன்ன அத்தனை பேரும் என்னிடம் செடிக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"கட்டிலக் கொஞ்சம் அங்கிட்டு நகத்துங்க" என்றார் அந்த அம்மா.

அவர் தலைமாட்டைப் பிடித்தார். நான் கால்மாட்டைப் பிடித்தேன்.